‘லெஸ் ஸ்டேபிள்’ என்று எழுதுவதா, ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதுவதா? கொஞ்சம் விளக்குங்கள்

கடலோரக்காரி (புதுச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். சிவிலில் எம்.டெக் கடைசி வருடம் படிக்கிறேன். புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் வரைக்கும், கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கல் சரிவுகள் எந்த அளவுக்கு நிலையாக நிற்கும் என்பதுதான் என் புராஜெக்ட். ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட்டு, எது மோசம் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

முந்தைய பேட்ச் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் ஒருவர் ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்கிறார், ஒருவர் ‘லெஸ் ஸ்டேபிள்’ என்கிறார், ஒருவர் ஒரே பத்தியில் இரண்டையும் போட்டிருக்கிறார். என் கைடு சொன்னது இது: “எல்லா இடத்திலும் லெஸ் ஸ்டேபிள் போடு, கடைசி அட்டவணைக்கு மட்டும் மோர் அன்ஸ்டேபிள்தான் பொருத்தம்.” காரணம் கேட்பதற்குள் அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கடைசி அட்டவணையில் அப்படி என்ன விசேஷம்? எனக்கு விதி மட்டும் போதாது, காரணமும் வேண்டும்.

கெடிலம்88 (கடலூர்)

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை இது. நிலைத்தன்மை குறைந்தால் நிலையின்மை கூடும். இரண்டும் ஒன்றுதான். நாக்குக்கு எது வருகிறதோ அதை எழுதிவிட்டுப் போங்கள்.

பாதிரிப்புலியூர் ஆசிரியர் (கடலூர்)

கெடிலம் தம்பி, ஒரு நிமிஷம். முதலில் வடிவத்தைப் பார்த்துவிடலாம், பொருளுக்கு அப்புறம் வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தவன், இந்த இடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று தெரியும்.

ஆங்கிலத்தில் ஒப்பீட்டுக்கு இரண்டு வழி. ஓரசைச் சொல்லாக இருந்தால் கடைசியில் ‘அர்’ ஓசை சேரும்: டால், டாலர். நீளமான சொல்லாக இருந்தால் முன்னால் ‘மோர்’ வரும்: மோர் டேஞ்சரஸ். நடுவில் இருக்கும் ஈரசைச் சொற்கள்தான் வம்பு. ‘ஒய்’ எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ‘அர்’: ஷேக்கி, ஷேக்கியர். ‘எல்-இ’யில் முடிகிற சிலவும் அந்த வழிதான்: சிம்பிள், சிம்ப்ளர், ஜென்டில், ஜென்ட்லர். ஸ்டேபிளும் அதே வகைதான். ஆகவே ‘ஸ்டேப்ளர்’ என்ற வடிவம் தப்பில்லை, அகராதியிலேயே கிடைக்கும். ஆனால் எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ‘மோர் ஸ்டேபிள்’தான் வழக்கு.

‘அன்’ சேர்ந்துவிட்டால் ஒரு அசை கூடிவிடுகிறது, உடனே ‘மோர்’ போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் கிடையாது. ‘அன்ஹாப்பியர்’, ‘அன்டைடியர்’ இரண்டும் நல்ல ஆங்கிலம்தான். ஆனால் ‘அன்ஸ்டேப்ளர்’ என்று ரிப்போர்ட்டில் எழுதினால் படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். அது வேண்டாம்.

அப்புறம் ‘மோர் ஸ்டேப்ளர்’. ஒப்பீட்டின் மேல் இன்னொரு ஒப்பீடு. ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்படி இரட்டையாக எழுதினார்கள், அவர் நாடகங்களிலேயே இருக்கிறது. இன்றைய எழுத்தில் அது பிழை. ‘வெரி மோர்’ என்பதும் அப்படியே. அழுத்தம் வேண்டுமானால் ‘மச் மோர்’, ‘ஃபார் மோர்’. லேசான வித்தியாசம் என்றால் ‘ஸ்லைட்லி மோர்’.

கடலோரக்காரி

நன்றி சார். ‘அன்ஸ்டேப்ளர்’ பற்றி எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் என் கேள்வி அடுத்த படியில் இருக்கிறது. இலக்கணப்படி இரண்டும் சரி என்றால், கைடு ஏன் ஒன்றை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் வைக்கச் சொல்கிறார்?

சிப்காட் லேப் (கடலூர்)

வேதியியல்காரன் பேசுகிறேன். கெடிலம்88 சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரே ஒரு உதாரணம் பாருங்கள். சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும், வைரத்தைவிடக் கிராஃபைட்டுக்குத்தான் நிலைத்தன்மை அதிகம். ஆற்றல் வித்தியாசம் ரொம்பச் சின்னது, ஒரு மோலுக்கு 3 கிலோஜூல்கூட இல்லை. இதைப் பாடப்புத்தகத்தில் ‘டைமண்ட் ஈஸ் லெஸ் ஸ்டேபிள் தேன் கிராஃபைட்’ என்று எழுதுவார்கள். ‘டைமண்ட் ஈஸ் மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவருக்குக் கையில் இருக்கும் மோதிரம் கரைந்துவிடும் போலத் தோன்றும். உண்மை என்ன? வைரம் கிராஃபைட்டாக மாற வேண்டுமானால் நடுவில் பெரிய ஆற்றல் தடை ஒன்றைத் தாண்ட வேண்டும். சாதாரண வெப்பத்தில் அது நடக்காது. தலைமுறை தலைமுறையாக வைரம் வைரமாகவே கிடக்கும்.

‘லெஸ் ஸ்டேபிள்’ என்பது அளவுகோலில் கீழே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. பொருள் ஆடுகிறது, உடைகிறது என்று அது சொல்லவே இல்லை. ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்றால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது, இப்போது ஆட்டம் கூடிவிட்டது என்று ஆகும்.

கெடிலம்88

சரி, ஒரு எதிர்க் கேள்வி. ‘டாலர்’ என்றால் உயரமானவன் என்று அர்த்தமா? நாலடி ஆள் மூன்றரை அடி ஆளைவிட ‘டாலர்’தான். அவனை யாரும் உயரமானவன் என்று சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்றால் மட்டும் அன்ஸ்டேபிளாக இருந்தே தீர வேண்டும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒப்பீடு ஒப்பீடுதானே?

பாதிரிப்புலியூர் ஆசிரியர்

இது நல்ல கேள்வி. இந்த இழையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

எல்லா ஒப்பீட்டுச் சொற்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ‘டாலர்’, ‘ஷார்ட்டர்’, ‘ஹெவியர்’ எல்லாம் நடுநிலை. அளவை மட்டும் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. ஆனால் சில சொற்கள் தீர்ப்பையும் கூடவே சுமந்துகொண்டு வரும். ‘அன்ஹாப்பியர்’ என்றால் இரண்டு பேருமே வருத்தத்தில் இருக்கிறார்கள், ஒருவருக்குக் கூடுதல் வருத்தம் என்றுதான் யாருக்கும் படும். ‘மோர் டிஸ்ஆனஸ்ட்’ என்றால் இரண்டு பேரும் நேர்மை தவறியவர்கள். ‘அன்’, ‘டிஸ்’ போன்ற மறுப்பு முன்னொட்டு வாங்கிய சொற்கள் பெரும்பாலும் இந்தக் கட்சி.

‘ஸ்டேபிள்’ நடுநிலைக் கட்சிக்கு அருகில் இருக்கிறது. அதனால்தான் முழுசாக நிலையற்ற இரண்டு பொருள்களைக்கூட ‘இது மோர் ஸ்டேபிள்’ என்று ஒப்பிட முடிகிறது. சிப்காட் தம்பி, உங்கள் பாடத்தில் இதற்கு உதாரணம் இருக்குமே?

சிப்காட் லேப்

இருக்கிறது சார். கார்போகேஷன். கார்பனில் நேர்மின் சுமை ஏறிய அயனி. வினையின் நடுவில் தோன்றி உடனே மறைந்துவிடுகிற சமாசாரம். பாட்டிலில் பிடித்து அலமாரியில் வைக்கிற பொருள் இல்லை. அந்தக் கார்பனோடு எத்தனை கார்பன் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துப் பிரைமரி (ஒன்று), செகண்டரி (இரண்டு), டெர்ஷியரி (மூன்று) என்று பிரிப்பார்கள். ஆனாலும் ‘டெர்ஷியரி ஈஸ் மோர் ஸ்டேபிள் தேன் செகண்டரி, செகண்டரி ஈஸ் மோர் ஸ்டேபிள் தேன் பிரைமரி’ என்று கல்லூரி மாணவன் எல்லோரும் மனப்பாடம் செய்கிறான். இதைப் படித்துவிட்டு டெர்ஷியரி நிலையான பொருள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

வானம் பார்த்தவன் (கடலூர் முதுநகர்)

எங்கள் துறையில் ‘மோர் அன்ஸ்டேபிள்’ தினசரி புழங்குகிற சொல். அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உலர்ந்த காற்று மேலே போகப் போக, கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ் வீதம் குளிரும். ஈரம் நிறைந்து மேகமாகிவிட்ட காற்று அதைவிட மெதுவாகக் குளிரும், ஏனென்றால் ஆவி நீராகும்போது வெப்பத்தை விடுகிறது. இப்போது சுற்றியிருக்கும் வளிமண்டலத்தைப் பாருங்கள். அது 9.8-ஐவிட வேகமாகக் குளிர்ந்தால், கிளம்பிய காற்று சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவே இருந்து மேலே மேலே ஓடும். அது முழு அன்ஸ்டேபிள். ஈரக் காற்றின் வீதத்தைவிட மெதுவாகக் குளிர்ந்தால் முழு ஸ்டேபிள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ‘கண்டிஷனலி அன்ஸ்டேபிள்’. ஈரம் சேர்ந்து மேகம் கட்டினால்தான் கிளம்பும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை ஆகாயம் பெரும்பாலும் இந்த நடு நிலையில்தான் இருக்கும்.

ஆக, எங்களுக்கு ஒரு கோடு உண்டு. கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகு, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்கவும் வழி உண்டு. அந்தப் பக்கத்துக்குள் நடக்கும் ஒப்பீடுதான் ‘மோர் அன்ஸ்டேபிள்’. கோட்டுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கும்வரை ‘லெஸ் ஸ்டேபிள்’. சொல்லை வைத்தே கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

புயலுக்கு இந்திய வானிலைத் துறை இப்படி ஒப்பீட்டுச் சொல்லை நம்பி எழுதுவதில்லை, அதையும் கவனியுங்கள். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று படிப்படியாகப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் காற்று வேக எல்லை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறியபோது வெறும் ‘ஸ்ட்ராங்கர்’ என்று அறிக்கை வந்திருந்தால் யாருக்கு என்ன புரிந்திருக்கும்? எங்கள் தெருவில் முந்திரி, பலா எதுவும் மிஞ்சவில்லை. ‘எதைவிட’ என்று சொல்லாத ஒப்பீடு ஆபத்து நேரத்தில் யாருக்கும் உதவாது.

கடலோரக்காரி

அண்ணா, கோடு என்றீர்களே, எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது! எங்கள் சரிவுக் கணக்கிலும் அதே கோடு இருக்கிறது. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று ஒன்று பார்ப்போம். சரிவைப் பிடித்து நிறுத்தும் விசையை, சரிவைக் கீழே தள்ளும் விசையால் வகுத்தால் வரும் எண். 1-க்கு மேல் இருந்தால் நிற்கும், 1-க்குக் கீழே போனால் சரியும். ஒரு சரிவுக்கு 1.5, பக்கத்துச் சரிவுக்கு 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே நிற்கிற சரிவுகள். இரண்டாவது ‘லெஸ் ஸ்டேபிள்’. அதைப் போய் ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதினால், முதல் சரிவும் சரிந்துகொண்டிருக்கிறது என்று ஆகிவிடும்.

கடைசி அட்டவணை என்ன தெரியுமா? புயல் அலையில் சுவரின் அடிக்கால் மண் அரித்துப்போனால் என்ன ஆகும் என்ற கணக்கு. அங்கே எல்லா எண்ணும் 1-க்குக் கீழே! கைடு அதற்கு மட்டும் ஏன் விதிவிலக்குக் கொடுத்தார் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

பட்டறைக்காரன் (தேவனாம்பட்டினம்)

தங்கச்சி, கணக்கில் மட்டுமில்லை, கடலிலும் அப்படித்தான். கப்பல் கட்டும் படிப்பு படித்துவிட்டு ஃபைபர் படகு வேலை பார்க்கிறேன். படகு சாய்ந்தால் திரும்ப நிமிர வேண்டும். அதற்கு ‘மெட்டாசென்டரிக் ஹைட்’ என்று ஒரு அளவு இருக்கிறது. அது பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை சின்னச் சாய்வுக்குப் படகு நிமிர்ந்துவிடும். வலையையும் ஐஸ் பெட்டியையும் மேல்தட்டில் அடுக்க அடுக்க அந்த அளவு குறையும். குறைகிறது, ஆனால் இன்னும் பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறது என்றால் படகு ‘லெஸ் ஸ்டேபிள்’. பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் நேராக நிற்கவே நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அப்போதுதான் ‘அன்ஸ்டேபிள்’.

இன்னொன்றும் சொல்கிறேன். கப்பல்காரர்களிடம் இதற்கென்றே இரண்டு சொல் இருக்கிறது. அந்த அளவு பெரியதாக இருந்து வெடுக்கென்று நிமிர்கிற கப்பல் ‘ஸ்டிஃப்’. அளவு சின்னதாக இருந்து மெதுவாக உருள்கிற கப்பல் ‘டெண்டர்’. ‘ஸ்டிஃப்பர்’ என்றால் பயணத்துக்குச் சுகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உள்ளே இருக்கிறவன் வெட்டி வெட்டி ஆடுவான். நிலைத்தன்மை கூடுவது எல்லா நேரமும் வசதி இல்லை. ஆங்கிலத்தில் ‘மோர் ஸ்டேபிள்’ என்று எழுதும்போது ‘பெட்டர்’ என்ற வாசனை வந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்ட் (புதுச்சேரி)

நான் நர்ஸ். பேஷண்ட் சார்ட்டில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். புதிதாக வருகிற பிள்ளைகள் ‘பேஷண்ட் மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிற எனக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. எப்போதைவிட? சாயங்காலத்தைவிடவா, அட்மிஷன் நேரத்தைவிடவா? எது அன்ஸ்டேபிள், பிரஷரா, மூச்சா?

நான் அவர்களிடம் சொல்வது: ராத்திரி 10 மணிக்கு பிரஷர் 110/70, 2 மணிக்கு 86/50, பல்ஸ் 88-இலிருந்து 124 என்று எழுதுமா. அதைப் படித்தவுடன் டாக்டர் ஓடி வருவார். ஒப்பீட்டுச் சொல் வேண்டுமானால் அதன் பின்னால் எழுது, எண்ணுக்குப் பதிலாக எழுதாதே.

கடலோரக்காரி, உங்கள் ரிப்போர்ட்டிலும் எண்ணைப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ‘லெஸ் ஸ்டேபிள்’ என்ற வரிக்கும் 1.2 என்ற எண்ணுக்கும் நடுவில் இரண்டு பக்கம் இருக்கக் கூடாது.

கெடிலம்88

நர்ஸ் அக்கா சொன்னது நியாயம். ஆனால் எல்லாவற்றுக்கும் எண் கிடைக்காதே? ‘இந்த வருடம் கூட்டணி அரசு மோர் அன்ஸ்டேபிள் ஆகிவிட்டது’ என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். அதற்கு எந்தக் கோடு, எந்தப் பூஜ்யம்?

பாதிரிப்புலியூர் ஆசிரியர்

அளவுகோல் இல்லாத இடத்தில் படிக்கிறவர் மனசில் இருக்கும் கோடுதான் கோடு. அங்கேயும் அதே வித்தியாசம் வேலை செய்யும். ‘லெஸ் ஸ்டேபிள்’ என்றால் அரசு ஓடுகிறது, முன்பு போல உறுதியாக இல்லை. ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்றால் முன்னாடியே ஆடிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் எதைச் சொல்ல நினைக்கிறாரோ அதற்கு ஏற்ற சொல்லை எடுக்க வேண்டும்.

காலப்போக்கைச் சொல்ல இன்னொரு வழியும் இருக்கிறது: ‘இன்கிரீஸிங்லி அன்ஸ்டேபிள்’. இது இரண்டு பொருளை ஒப்பிடுவதில்லை, ஒரே பொருள் நாளாக நாளாக மாறுவதைச் சொல்கிறது. ‘தேன்’ என்ற சொல் இதன் பின்னால் வராது.

மிஷன் வீதி (புதுச்சேரி)

பிரெஞ்சு வழியில் படித்த குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சில் ‘ப்ளூ’ என்ற ஒரே சொல்லை முன்னால் வைத்தால் முக்கால்வாசி ஒப்பீடு முடிந்தது: ‘ப்ளூ ஃபசீல்’, ‘ப்ளூ ஸ்தாப்ல்’. குறைவைச் சொல்ல ‘முவேன்’. ‘முவேன் ஸ்தாப்ல்’ என்பது ரொம்ப இயல்பான பிரெஞ்சு. அந்தப் பழக்கத்தில் என் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் ‘மோர் ஈஸி’ என்று எழுதிவிடுவார்கள், அதைத் திருத்த நாளாயிற்று. ஆனால் ‘லெஸ் ஸ்டேபிள்’ மட்டும் சொல்லிக்கொடுக்காமலே சரியாக எழுதினார்கள்.

தமிழ் மட்டும் படித்தவர்களுக்கு இங்கே ஏன் தடுக்குகிறது என்று யோசித்தேன். நாம் ‘உறுதி கம்மி’ என்றும் சொல்கிறோம், ‘ஆட்டம் ஜாஸ்தி’ என்றும் சொல்கிறோம். நாற்காலி வாங்கப் போனால் இரண்டையும் கச்சிதமாக இடம் பார்த்துத்தான் சொல்வோம். ஆங்கிலம் எழுத உட்கார்ந்ததும் ‘மோர்’ மட்டும்தான் ஒப்பீடு என்று ஆகிவிடுகிறது, ‘லெஸ்’ என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. பள்ளியில் ‘டால், டாலர், டாலெஸ்ட்’ அட்டவணை கொடுக்கிற அளவுக்கு ‘லெஸ், லீஸ்ட்’ அட்டவணை யாரும் கொடுப்பதில்லை.

பாதிரிப்புலியூர் ஆசிரியர்

உண்மை. இரண்டுக்கு ‘லெஸ்’, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ‘லீஸ்ட்’ என்பதை நான் தனியாக ஒரு வகுப்பு வைத்துத்தான் நடத்துவேன்.

சைட் இன்ஜினியர் (கடலூர்)

தாமதமாக வருகிறேன். யாரும் தொடாத ஒன்று: ‘வீக்கர்’. சைட்டில் எல்லா அறிக்கையிலும் ‘லெஸ் ஸ்டேபிள்’ வர வேண்டிய இடத்தில் இதைத்தான் எழுதுகிறார்கள். வலிமை வேறு, நிலைத்தன்மை வேறு. ஒரே கம்பியில், ஒரே தடிமனில், இரண்டு தூண் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு நீளம். பொருள் ஒன்றே, வலிமை ஒன்றே. ஆனால் மேலிருந்து அழுத்தும்போது நீளமான மெல்லிய தூண் வளைந்து ஒதுங்கிவிடும். ஆய்லர் கணக்குப்படி அது தாங்கும் சுமை கால் பங்குதான். அது ‘வீக்கர்’ இல்லை, ‘லெஸ் ஸ்டேபிள்’. ‘வீக்கர்’ என்று எழுதினால் படிக்கிறவர் கம்பியை மாற்றச் சொல்வார். மாற்ற வேண்டியது கம்பியை அல்ல, நடுவில் ஒரு பிடிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு அடைமொழி தப்பினால் செலவு தப்பான இடத்துக்குப் போய்விடும்.

கல் சுவருக்கும் சொல்கிறேன் மா. தனிக்கல் அசைந்தால் ‘லூஸர்’ என்று எழுதலாம், ஆனால் ‘ஓ’ இரண்டு போட வேண்டும். ஒன்று போட்டால் தோற்றவன் ஆகிவிடும். ‘ஷேக்கியர்’, ‘வாப்ளியர்’ எல்லாம் பேச்சுக்கு நல்ல சொற்கள், ரிப்போர்ட்டுக்கு வேண்டாம்.

கடலோரக்காரி

எல்லோருக்கும் மனசார நன்றி. அத்தியாயத்தைத் திரும்ப எழுதிவிட்டேன். மூன்று வரியை மட்டும் இங்கே வைக்கிறேன், பாருங்கள்.

ஒன்று, எண் 1-க்கு மேல் இருக்கும் இடங்களுக்கு: ‘தி ஸ்லோப் அட் செக்ஷன் சி ஈஸ் லெஸ் ஸ்டேபிள் தேன் செக்ஷன் ஏ’. பக்கத்திலேயே இரண்டு எண்ணும் இருக்கின்றன.

இரண்டு, கடைசி அட்டவணைக்கு: ‘வித் தி டோ ஸ்கவர்ட், ஆல் த்ரீ ஸ்லோப்ஸ் ஆர் அன்ஸ்டேபிள்’. கோட்டைத் தாண்டிவிட்டது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் எது ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்று சொல்கிறேன்.

மூன்று, பொதுவாக: ‘தி ஸ்டீப்பர் தி ஸ்லோப், தி லெஸ் ஸ்டேபிள் தி ஸ்டோன்ஸ்’. சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கல் நிற்பது கஷ்டம். அலை உயரத்துக்கும் இதே அமைப்பில் ஒரு வரி எழுத ஆசை. அலை உயரம் இரண்டு மடங்கானால், அலையைத் தாங்கும் கல்லின் எடையைக் கணக்கிடும் ஹட்ஸன் சூத்திரப்படி, கல்லின் எடை எட்டு மடங்கு வேண்டும். ஆனால் அதை ‘தி ஹையர், தி ஹெவியர்’ என்று எழுதினால் அந்த எட்டு மடங்கு காணாமல் போகிறதே என்று எண்ணாகவே விட்டுவிட்டேன்.

நைட் ஷிஃப்ட்

எண்ணாகவே விட்டது ரொம்பச் சரி.

பாதிரிப்புலியூர் ஆசிரியர்

மூன்றாவது வரி அருமை, அந்த அமைப்பில் இரண்டு பக்கமும் ‘தி’ வர வேண்டும், போட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் அம்மா. நீங்கள் ஒப்பிடுவது சரிவோடு சரிவை. எழுதியிருப்பதோ சரிவோடு செக்ஷனை. ‘தேன் தட் அட் செக்ஷன் ஏ’ என்று மாற்றுங்கள். ‘தேன்’ என்பதற்கு இரண்டு பக்கமும் ஒரே வகைப் பொருள் நிற்க வேண்டும். அட்டவணைக்குக் கீழே வருகிற விளக்க வரிகளிலும் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அங்கேதான் இது அதிகம் ஒளிந்திருக்கும்.

கடலோரக்காரி

மாற்றிவிட்டேன் சார். விளக்க வரிகளில் தேடினேன், நீங்கள் சொன்ன மாதிரியே படம் 4-இலும் 7-இலும் இருந்தது. அதையும் சரிசெய்துவிட்டேன். திங்கட்கிழமை கைடிடம் கொடுக்கிறேன்.